வேகமாகச் சுழலும் மோட்டாரைச் சந்தேகியுங்கள்: ஸ்லாட் கார் காந்தங்களும் மறுகாந்தமேற்றலும்

மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தால் மோட்டார் முன்பைவிட வேகமாகச் சுழல்கிறது. தடத்தில் இறக்கினாலோ வளைவிலிருந்து கிளம்பத் திணறுகிறது, நேர்ப்பாதையின் முடிவில் நிற்க மறுக்கிறது. சில சுற்றுகளிலேயே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிடுகிறது. ஸ்லாட் கார் ஓட்டுபவர்களில் பலர் இவற்றை மூன்று தனித்தனிக் கோளாறுகளாக எண்ணி, பல்சக்கரத்தை மாற்றுவார்கள், டயரைக் குறை சொல்வார்கள், கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவார்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் தன் வலுவில் ஒரு பங்கை இழந்திருக்கலாம்.

பலகையில் நீளமாக வெட்டிய பள்ளத்தில் ஒரு முளை செருகி, பள்ளத்தின் இரு பக்கமும் ஓடும் உலோகப் பட்டையிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுவது ஸ்லாட் கார். 1957இல் பிரிட்டனில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் வந்தபின் உலகெங்கும் பரவிய பொழுதுபோக்கு இது. சிங்கப்பூரில் நம் பிள்ளைகளுக்குத் தமியாவின் மினி ஃபோர் டபிள்யூ டி என்னும் பேட்டரிப் பந்தயக் கார்கள் நன்றாகத் தெரியும்; ஸ்லாட் காரைப் பேணுபவர்கள் சிறு கூட்டம்தான். இரண்டு கார்களிலும் இருப்பது ஒரே இன மோட்டார்: எஃகுத் தகட்டாலான சிறு டப்பா, அதன் உள்சுவரில் எதிரெதிரே இரண்டு காந்த வில்லைகள், நடுவே செப்புக்கம்பி சுற்றிய ஆர்மேச்சர், மின்சாரத்தை உள்ளே கொண்டுபோக இரண்டு கார்பன் பிரஷ்கள். ஆகவே இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

வலுவிழந்த காந்தம் மோட்டாரை ஏன் வேகமாக்குகிறது? சுழலும் ஆர்மேச்சர் ஒரு ஜெனரேட்டரும்கூட. அது சுழலச் சுழல, உள்ளே வரும் மின்னழுத்தத்தை எதிர்த்து ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இரண்டும் ஏறக்குறையச் சமமாகும் இடத்தில் வேகம் நிலைக்கிறது. காந்தம் மெலிந்தால் அதே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்க ஆர்மேச்சர் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. சுமை இல்லாதபோது அப்படியே சுழல்கிறது. காய்ச்சல்காரனின் நாடி படபடப்பதைப் பார்த்து உடம்பில் தெம்பு கூடிவிட்டது என்று மகிழ்வதுபோலத்தான் இந்த வேகத்தைப் பார்த்து மகிழ்வதும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் சேதத்தின் அளவு தெரியும். காந்தம் 10 விழுக்காடு மெலிந்ததாக வைத்துக்கொள்வோம். சுமையில்லா வேகம் சுமார் 11 விழுக்காடு ஏறும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முறுக்குவிசை 10 விழுக்காடு இறங்கும். அதே வேலையைச் செய்ய மோட்டார் 11 விழுக்காடு கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். கம்பியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், சூடு சுமார் 23 விழுக்காடு கூடும். இவற்றையெல்லாம்விட மோசமாக அடிவாங்குவது பிரேக். ஸ்லாட் காரில் கட்டுப்பாட்டுக் கருவியின் விசையை, அதாவது வேகத்துக்காக விரலால் அழுத்தும் பொத்தானை, விட்டதும் மோட்டாரின் இரு முனைகளும் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இணைக்கப்படுகின்றன. ஆர்மேச்சர் ஜெனரேட்டராக மாறித் தன் ஓட்டத்தைத் தானே தடுக்கிறது. அந்த மின்னோட்டம் பிறப்பதும் காந்தத்தால், அது தடுப்புவிசையாக மாறுவதும் காந்தத்தால். ஆக இழப்பு இரண்டு முறை பெருக்கப்படுகிறது: 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.81. காந்தத்தில் 10 விழுக்காடு போனால் பிரேக்கில் 19 விழுக்காடு போகிறது.

அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தின் பாதையை நினைவில் வைத்திருப்பவர்கள், அதன் நீண்ட நேர்ச்சாலையையும் கொண்டை ஊசி வளைவுகளையும் மறந்திருக்கமாட்டார்கள். பலகைத் தடத்திலும் நேரத்தை வெல்வது அப்படிப்பட்ட இடங்களில்தான்: நேர்ப்பாதையின் கடைசி அரை மீட்டர் வரை விசையை அழுத்திப் பிடித்துவிட்டு, வளைவின் வாயில் சட்டென நிறுத்தும் திறமையில். காந்தம் மெலிந்த காரை ஓட்டுபவர் இந்த இடத்தில் கொஞ்சம் முன்னதாகவே விசையை விடப் பழகிக்கொள்கிறார். தன் கை மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். ஆகவே காந்தத்தின் நோயை முதலில் காட்டிக்கொடுப்பது பிரேக் என்பது என் கருத்து. நேர்ப்பாதை வேகத்தை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது.

சரி, காந்தம் ஏன் மெலிகிறது? அது எந்த வகைக் காந்தம் என்பதைப் பொறுத்தது விடை.

பழைய மோட்டார்கள் சிலவற்றில் அல்னிகோ இருக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இந்த உலோகக்கலவையின் முன்னோடியை 1931இல் ஜப்பானில் தொகுஷிச்சி மிஷிமா கண்டுபிடித்தார். வெப்பத்தைத் தாங்குவதில் இதற்கு நிகரில்லை. ஆனால் எதிர்க்காந்தப்புலம் ஒன்று பட்டால் எளிதில் சோர்ந்துவிடும். அடுத்தது ஃபெரைட். இரும்பு ஆக்சைடுடன் பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்த்துச் சூளையில் சுட்ட கரிய பீங்கான் வகை இது. 1950களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மலிவு, துருப்பிடிக்காது. இன்றும் பெரும்பாலான ஸ்லாட் கார் மோட்டார்களிலும் மினி ஃபோர் டபிள்யூ டி மோட்டார்களிலும் இதுதான். விலையுயர்ந்த பந்தய மோட்டார்களில் 1960களின் அமெரிக்க விமானப்படை ஆய்வில் பிறந்த சமேரியம் கோபால்ட் வகை இருக்கும். நியோடிமியம் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே எட்டிய கண்டுபிடிப்பு. வீட்டுத் தட கார்களின் அடியில் தடத்தை இழுத்துப் பிடிக்க வைக்கும் சிறு கட்டைகளில் இது அதிகம் தென்படுகிறது.

காந்தம் வலுவிழப்பதில் மூன்று விதம் உண்டு. இவற்றைப் பிரித்தறியாமல் மறுகாந்தமேற்றலைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு.

முதலாவது, தானே திரும்பி வரும் இழப்பு. ஃபெரைட்டின் காந்தப்பாய்வு, அதாவது அது தரும் காந்தத்தின் அளவு, ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் சுமார் 0.2 விழுக்காடு குறையும். அறை வெப்பநிலையான 25 பாகையிலிருந்து மோட்டார் 100 பாகைக்குப் போனால் 15 விழுக்காடு காணாமல் போகிறது. பந்தயத்தின் பிற்பாதியில் கார் வேறு காராக மாறிவிட்டதாகத் தோன்றுவதன் ரகசியம் இதுதான். மோட்டார் ஆறியதும் போனது அத்தனையும் திரும்பி வந்துவிடும். இந்தக் காந்தத்துக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். அதைச் சூடாக்கிய காரணத்துக்குத்தான் சிகிச்சை வேண்டும். ஆறுவதற்கு முன் அளந்து பார்த்து, காந்தம் போய்விட்டது என்று புலம்புபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டாவது, தானாகத் திரும்பாது, ஆனால் மீண்டும் காந்தமேற்றினால் திரும்பும் இழப்பு. மறுகாந்தமேற்றும் கருவிக்கு வேலை இருப்பது இங்கே மட்டும்தான். மூன்றாவது, பொருளே கெட்டுப்போவது: நியோடிமியம் துருப்பிடித்து உதிர்வது, அளவுமீறிய சூட்டில் உள்கட்டமைப்பு மாறிவிடுவது, வில்லையின் ஒரு துண்டு உடைந்து விழுவது. இதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது வகை எப்படி நிகழ்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆர்மேச்சரில் மின்னோட்டம் பாயும்போது அதுவும் ஒரு மின்காந்தமாகிறது. அதன் புலம் ஒவ்வொரு நிலைக்காந்தத்தின் ஒரு விளிம்பை வலுப்படுத்தி, மறு விளிம்பை எதிர்க்கிறது. சாதாரண ஓட்டத்தில் இந்த எதிர்ப்பு பொருட்டல்ல. கார் பள்ளத்தை விட்டுத் துள்ளிச் சுவரில் சிக்கி, பட்டையில் மின்தொடர்பு மட்டும் அறாமல், ஓட்டுபவர் விசையையும் விடாமல் இருக்கும் அந்த ஓரிரு விநாடிகளை எண்ணிப் பாருங்கள். ஆர்மேச்சர் நின்றுவிட்டது, எதிர் மின்னழுத்தம் பூஜ்யம், கம்பியின் தடை மட்டுமே மின்னோட்டத்துக்கு வேலி. ஓடும்போது இழுத்ததைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. காந்தத்தின் அந்த எதிர்ப்பு விளிம்பு தாங்கும் எல்லை கடந்துவிட்டால், அந்தப் பகுதி நிரந்தரமாகச் சோர்ந்துவிடும். ஓடும் மோட்டாருக்குத் திடீரென மின்முனைகளை மாற்றிக் கொடுப்பது இதைவிடக் கொடுமை. அப்போது மின்னழுத்தமும் எதிர் மின்னழுத்தமும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. வேகத்துக்காக ஆர்மேச்சரின் டைமிங்கை, அதாவது சுருளில் மின்னோட்டம் திசைமாறும் நேரத்தை, மிகவும் முன்தள்ளிய மோட்டார்களிலும் ஆர்மேச்சரின் புலம் காந்தத்தை நேராக எதிர்க்கும் பங்கு கூடுகிறது.

இந்த இடத்தில் ஃபெரைட்டிடம் ஒரு விசித்திரம் இருக்கிறது. சூட்டில் அதன் பாய்வு குறைந்தாலும், எதிர்ப்புலத்தைத் தாங்கும் வலிமை கூடுகிறது, பாகைக்குச் சுமார் 0.27 விழுக்காடு. குளிரில் நேர்மாறு. சுற்றுகளுக்கு இடையே மோட்டாரின்மேல் உறையவைக்கும் குளிர்தெளிப்பான் அடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. சிலர் ஐஸ் பையில் வைக்கிறார்கள். 25 பாகையிலிருந்து மைனஸ் 20க்கு இறக்கினால் ஃபெரைட்டின் தாங்குதிறன் சுமார் 12 விழுக்காடு குறையும். அதே நேரத்தில் செப்புக்கம்பியின் தடையும் 18 விழுக்காடு அளவுக்குக் குறைவதால், கிளம்பும் கணத்தில் பாயும் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். தாங்குபவன் பலவீனமாக இருக்கும் நேரத்தில் அடி பலமாக விழுகிறது. விசிறி வைத்து ஆற்றுவதே போதும். பனிபடரும் அளவுக்குக் குளிர்விப்பது காந்தத்துக்கு நல்லதல்ல.

நியோடிமியத்தின் குணம் வேறு. அது சூட்டில்தான் பலவீனமாகும். சாதாரண ரகங்களுக்கு 80 பாகையே எல்லை என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். இங்குள்ள வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்த பெட்டி அந்த எல்லைக்கு நெருக்கமாகவே போகக்கூடும். ஃபெரைட் அதைச் சட்டைசெய்யாது.

இனி நோயறிதல். காந்தத்தைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. பிரஷ்கள் உரசி நிற்கும் கம்யூட்டேட்டரின் மூன்று செப்புத்தகடுகளும் கருத்துத் தடம் விழுந்திருக்கின்றனவா, தகடுகளுக்கு இடையிலுள்ள இடுக்கில் கார்பன் தூள் அடைந்து கசிவு உண்டாகிறதா, பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, பேரிங் உலர்ந்திருக்கிறதா. இவை நான்கும் சரியாக இருந்து, மோட்டாரும் ஆறியபின், சுமையில்லா வேகமும் மின்னோட்டமும் சேர்ந்தே ஏறியிருந்தால் காந்தத்தைச் சந்தேகிக்கலாம். மின்னோட்டம் ஏறி வேகம் இறங்கியிருந்தால் அது உராய்வின் வேலை, அல்லது சுருளில் எங்கோ கம்பிகள் ஒட்டிக்கொண்டதன் வேலை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதிப் பேருக்குக் காந்தமேற்றும் கருவி தேவைப்படாது.

உறுதிசெய்ய அளவி வேண்டும். காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டர் வாங்க மனமில்லாதவர்கள், சிம் லிம் டவர் போன்ற மின்னணுப் பாகங்கள் விற்கும் இடங்களில் கிடைக்கும், காந்தப்புலத்தை மின்னழுத்தமாகக் காட்டும் ஹால் உணரி ஒன்றை வைத்தே சமாளிக்கலாம். எஸ்எஸ்49இ என்னும் மூன்றுகால் உணரிக்கு 5 வோல்ட் கொடுத்தால், புலம் இல்லாதபோது நடுவில், 2.5 வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஒரு காஸ் புலத்துக்குச் சுமார் 1.4 மில்லிவோல்ட் அசையும். சாதாரண மல்டிமீட்டரில் படித்துவிடலாம். ஆயிரம் காஸுக்கு அருகே அது உச்சம் தொட்டுவிடும் என்பதால், வலுவான காந்தத்துக்கு நடுவே ஒரே தடிமனுள்ள பிளாஸ்டிக் தகட்டை வைத்து எப்போதும் அதே தூரத்தில் அளக்க வேண்டும். எண்ணின் மதிப்பைவிட, மோட்டார் புதிதாக இருந்தபோது எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதே பயன்.

நடுவில் மட்டும் அளந்து ஏமாறக் கூடாது. ஒவ்வொரு வில்லையின் இரு விளிம்புகளிலும், ஆக நான்கு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே திசையில் ஓடி அடிபட்ட மோட்டாரில், ஒரு வில்லையின் ஒரு விளிம்பும் எதிர் வில்லையில் அதற்குக் குறுக்கே இருக்கும் விளிம்பும் குறைந்திருக்கும். மூலைவிட்டமாக இரண்டு இடங்களில் குறை என்றால் அது ஆர்மேச்சர் அடித்த அடி. ஒரே வில்லை முழுவதும் குறைந்திருந்தால் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது அது டப்பாவின் சுவரை விட்டு எழும்பியிருக்கலாம்.

இது பராமரிப்புக்கு இட்டுச்செல்கிறது. காந்தம் டப்பாவின் எஃகுச்சுவரோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். இடையிலுள்ள பசை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. பசை என்பது காந்தப்பாய்வைப் பொறுத்தவரை வெறும் காற்று. சூடு தாங்கும் எப்பாக்சி நல்லது. உடனடிப் பசை சூட்டில் நொறுங்கி, வில்லை ஆர்மேச்சரின்மேல் சரிந்துவிடும். சுத்தம்செய்யும் கரைப்பானில் மோட்டாரை இரவு முழுக்க ஊறப்போடுவதும் இந்தப் பசைக்கு எமன். இரும்புத்தூள் காந்தத்தில் அப்பிக்கொண்டால் துணியால் துடைக்க முடியாது. சுவரில் படம் ஒட்டும் களிமண் போன்ற பசைக்கட்டியை அழுத்தி எடுத்தால் அப்படியே வந்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஃபெரைட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் டப்பாவின் உள்சுவரும் ஆர்மேச்சரின் தகடுகளும் துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய பெட்டி போதும். அடியில் ஒட்டும் நியோடிமியக் கட்டையின் நிக்கல் பூச்சு கீறியிருந்தால், அன்றே நகப்பூச்சாவது தடவிவிடுங்கள்.

டப்பாவின் வெளிப்புறத்தில் குண்டூசி வலுவாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால், மெல்லிய டப்பா பாய்வை முழுதும் சுமக்க முடியாமல் வெளியே கசியவிடுகிறது என்று பொருள். வெளியே ஓர் எஃகுப்பட்டையைச் சுற்றினால் அந்தக் கசிவின் ஒரு பங்கு உள்ளே திரும்பும். விதிகள் இடம்கொடுத்தால், எந்தக் கருவியும் இல்லாமல் கிடைக்கும் ஆதாயம் இது.

இன்னொரு நம்பிக்கையையும் பேசிவிடலாம். ஆர்மேச்சரை வெளியே எடுத்தாலே காந்தம் போய்விடும், அதற்குப் பதில் உடனே ஓர் இரும்புத்துண்டைச் செருக வேண்டும் என்பார்கள். அல்னிகோவுக்கு இது முழு உண்மை. ஃபெரைட்டுக்கு அறை வெப்பநிலையில் பெரும்பாலும் சேதமில்லை. செருகி வைப்பதால் கெடுதல் ஏதும் இல்லாததால் பழக்கம் நீடிக்கிறது. கீழே விழுந்தால் காந்தசக்தி போய்விடும் என்பதும் அப்படித்தான். ஃபெரைட் விழுந்தால் போவது காந்தசக்தி அல்ல, வில்லையே.

இப்போது கருவிக்கு வருவோம். கார்ப்பந்தயக்காரர்கள் ஸாப் செய்வது என்று சொல்லும் மறுகாந்தமேற்றலின் அடிப்படை எளியது: காந்தத்தை அதன் பழைய திசையிலேயே, அது முழுதாய் நிறையும் அளவுக்கு வலிய புலம் ஒன்றில் கண நேரம் நிறுத்துவது. நேரம் முக்கியமல்ல, புலத்தின் உச்சமே முக்கியம். ஆகவே மின்தேக்கிகளில் சக்தியைச் சேர்த்துவைத்து, ஒரே வீச்சில் தடித்த கம்பிச்சுருளுக்குள் பாய்ச்சுகிறார்கள். 10,000 மைக்ரோஃபாரட் தேக்கியை 300 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் இருப்பது 450 ஜூல். பெரிதாகத் தோன்றாது. அது 5 மில்லிவிநாடியில் வெளியேறினால் அந்தக் கணத்தின் சராசரித் திறன் 90,000 வாட்.

ஈசூனில் ஒரு வீவக வீட்டில் இதை அருகிலிருந்து பார்த்தேன். கப்பல் பட்டறையில் மின்பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், தொழிற்சாலை ஒன்று கழித்துப்போட்ட கருவியை வாங்கிச் சீர்செய்து வைத்திருக்கிறார். இரண்டு இரும்பு முனைகள், மோட்டார் டப்பாவின் வளைவுக்கு ஏற்ப உட்குழிவாகக் கடைந்தவை. அவற்றைச் சுற்றி விரல் தடிமனில் செப்புக்கம்பி. ஆர்மேச்சரை எடுத்துவிட்டு, அதே விட்டமுள்ள இரும்பு உருளையை டப்பாவுக்குள் செருகினார். அதன்பின் திசைகாட்டியை எடுத்து டப்பாவின் எந்தப் பக்கம் வடக்கு என்று பார்த்து, பேனாவால் புள்ளி வைத்தார். தலைகீழாக வைத்துவிட்டால் காந்தம் நன்றாகவே ஏறும். ஆனால் கார் பின்னோக்கி ஓடும்.

மீட்டரில் எண் மெதுவாக ஏறியது. நான் முன்னால் குனிந்தபோது, “தம்பி, கையை எடுங்கள். அது பூஜ்யத்துக்கு வரும்வரை யாரும் மேசையைத் தொடக் கூடாது” என்றார். பொத்தானை அழுத்தியதும் சுத்தியலால் மேசையைத் தட்டியதைப்போல ஒரு சத்தம். டப்பா முனைகளுக்கு இடையே ஒரு துள்ளு துள்ளியது. அவ்வளவுதான். “இன்னொரு முறை அடித்தால் இன்னும் ஏறுமா, அண்ணே?” என்று கேட்டேன். “நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது?” என்று சிரித்தார். மறுபடி அளந்தபோது, மெலிந்திருந்த இரண்டு மூலைகளும் மற்ற இரண்டோடு சேர்ந்துவிட்டன.

சுருளின் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு தடித்த டையோடு பொருத்தியிருந்ததைக் காட்டினார். அது இல்லாவிட்டால் மின்னோட்டம் ஊசலாடி, முதல் வீச்சு ஏற்றியதை அடுத்த எதிர்வீச்சு ஓரளவு அழித்துவிடும். வீட்டில் கட்டிய கருவிகள் சில, காந்தத்தை வலுப்படுத்துவதற்குப் பதில் மெலியவைப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

எல்லாக் காந்தத்துக்கும் இந்தக் கருவி உதவாது. ஃபெரைட் நிறைய சுமார் 1 டெஸ்லா புலம் போதும். நியோடிமியத்துக்கு ஏறக்குறைய 3 டெஸ்லா வேண்டும். சமேரியம் கோபால்ட்டின் சில வகைகளுக்கு அதற்கும் மேல். இரும்பு முனைகளோ 2 டெஸ்லாவை ஒட்டித் தாமே நிறைந்துவிடுகின்றன. அதற்குமேல் அவற்றால் பெரிய உதவி இல்லை. அந்தப் புலங்களை எட்ட இரும்பில்லாச் சுருளும் தொழிற்சாலைத் தரக் கருவியும் தேவை. விலையுயர்ந்த கோபால்ட் மோட்டாரை ஃபெரைட்டுக்கான கருவியில் வைத்துப் பணம் வாங்குபவர்களை நம்பாதீர்கள். நல்லவேளையாக, கோபால்ட் காந்தம் ஆர்மேச்சரின் எதிர்ப்புலத்துக்கு எளிதில் அசைவதில்லை. அதற்கு மறுகாந்தமேற்ற வேண்டிய தேவையே அரிது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கருவி கட்டக் கிளம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். மின்தேக்கிகளில் நிற்பது அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் பிளக்கைப் பிடுங்கியபின்பும் அது அங்கேயே இருக்கிறது. ஒருமுறை காலிசெய்த பெரிய தேக்கியில்கூடச் சற்று நேரத்தில் கொஞ்சம் மின்னழுத்தம் தானாகத் திரும்பும். அதனால்தான் அதன் முனைகளைக் கம்பியால் இணைத்தே வைக்கிறார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. காந்தப்பட்டை உள்ள வங்கி அட்டைகளையும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள். அறிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்வதே சரி. ஃபெரைட் மோட்டாருக்குப் பல நேரங்களில் புது மோட்டாரே மலிவாக முடியும்.

விதிகளின் பக்கம் சுருக்கமாக. தமியாவின் அதிகாரபூர்வ மினி ஃபோர் டபிள்யூ டி பந்தய விதிகள் மோட்டாரைப் பிரித்து மாற்றியமைக்க அனுமதிப்பதில்லை. ஸ்லாட் காரிலும் முத்திரையிட்ட மோட்டார் பிரிவுகள் உண்டு. தொல்லை என்னவென்றால், மோட்டாரைத் திறக்காமலே டப்பாவுக்கு வெளியிலிருந்து காந்தமேற்ற முடியும். முத்திரை அப்படியே இருக்கும், கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தொழிற்சாலையிலிருந்து முழுதாய் நிறையாமல் வரும் மோட்டாரை இப்படி நிறைப்பது ஏமாற்றா, பராமரிப்பா என்று வாதாடலாம். என்னைக் கேட்டால், எல்லோர் மோட்டாரையும் பந்தயத்துக்கு முன் ஒரே கருவியில் வைத்து ஏற்றிக்கொடுப்பது, அல்லது அமைப்பாளரே மோட்டார்களைக் கலந்து எடுத்துக்கொடுப்பது, வாதாடுவதைவிட எளிது.

கடைசியாக, காந்தமேற்றி வந்த மோட்டாரைப் பழைய பல்சக்கரத்தோடே ஓட்டிப் பார்த்துவிட்டு, வேகம் குறைந்துவிட்டது, பணம் வீண் என்று சொல்பவர்களுக்கு. வேகம் குறையத்தான் வேண்டும். 10 விழுக்காடு மெலிந்த காந்தம் மீண்டால் சுமையில்லா வேகம் அதே அளவுக்கு இறங்கும். கூடியிருப்பது முறுக்குவிசையும் பிரேக்கும். அந்த முறுக்குவிசையைச் செலவழிக்க வழிசெய்யுங்கள். அச்சில் 27 பல் சக்கரமும் மோட்டாரில் 8 பல் பினியனும் இருந்தால் விகிதம் 3.375, பினியனை 9 பல்லாக்கினால் 3.0. நேர்ப்பாதை வேகம் பழைய இடத்துக்குத் திரும்பும், ஆனால் கூடிய முறுக்குவிசையும் பிரேக்கும் அதில் செலவாகிவிடும். பழைய பினியனையே வைத்துக்கொண்டால், பிரேக்கில் பிடிப்பு கூடியிருப்பதால் பின்சக்கரம் வளைவின் வாயில் இறுகிச் சறுக்கக்கூடும். கட்டுப்பாட்டுக் கருவியில் பிரேக் அளவை ஒரு படி இறக்கிவிட்டு முதல் சில சுற்றுகளை ஓட்டுங்கள்.